புகையறையில் காய்ந்த அவரைக் குடும்பம்

அவரைக் குடும்பத்துச் செடிகளை நான் முதலில் படித்தது கால்களால். இதைச் சொன்னால் படித்தவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கரவனெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பதினோரு வருடம் பால் வெட்டியவள் நான். விடிவதற்கு முன்பே மலையேறிவிட வேண்டும். நெற்றியில் கட்டிய டோர்ச் வெளிச்சம் வெட்டுகிற பட்டையில் விழுமே தவிர காலடியில் விழாது. கீழே என்ன முளைத்திருக்கிறது என்பதை முழங்காலுக்குக் கீழே உள்ள தோல்தான் சொல்ல வேண்டும்.

கீறினால் தொட்டாச்சிணுங்கி. பாவாடை ஓரத்தில் தட்டையான சின்னக் காய்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டு வந்தால் புள்ளடி வகை. காலைச் சுற்றி இழுத்தால், நிலத்தை மூடி வைப்பதற்காகத் தோட்டத்தார் விதைத்த பியூரேரியாக் கொடி. நடக்க நடக்கச் சலங்கைச் சத்தம் கேட்டால் கிலுகிலுப்பை. அரிப்பில் உயிர் போனால் பூனைக்காலி. அன்றைக்கு வேலை அவ்வளவுதான், வீட்டுக்குப் போய்ச் சாணியைப் பூசிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கீறுவது, ஒட்டுவது, சுற்றுவது, சத்தம் போடுவது, அரிப்பது. இதுதான் என் முதல் வகைப்பாடு. பிற்பாடு புத்தகத்தில் படித்த வகைப்பாட்டோடு இது பாதிக்கு மேல் ஒத்துப்போனது. ஒத்துப்போகாத இடங்களில் புத்தகம்தான் சரி என்று ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

எங்கள் பக்கத்துக் காட்டு அவரை இனங்களைப் பார்த்து எழுத ஒரு ஆராய்ச்சிக் குழு வந்தபோது, வழி காட்ட ஆள் கேட்டார்கள். தோட்டத்தை நடத்துகிற துரை என்னை அனுப்பினார். செடி தெரியும் என்பதற்காக இல்லை, சிங்களம் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவேன் என்பதற்காக. குழுவின் தலைவி ஒரு சிங்கள அம்மா. எல்லோரும் அவரை மிஸ் என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். வழி காட்டப் போனவள் வாயை மூடிக்கொண்டு வழியைக் காட்டியிருக்கலாம். என்னால் முடியவில்லை. குழுவில் இருந்த ஒரு தம்பி ஒரு கொடியைப் பியூரேரியா என்று எழுதப் போனார். அது சென்ட்ரோசீமா, தோட்டத்தார் விதைத்த இன்னொரு கொடி, காயின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், கத்திமுனை மாதிரி எழும்பி நிற்கும் என்றேன். அவர் தடவிப் பார்த்தார். மிஸ்ஸும் தடவிப் பார்த்தார். மூன்றாவது நாள், எந்த வகுப்பு வரை படித்தாய் என்று மிஸ் கேட்டார். சாதாரண தரப் பரீட்சை வரை, அதில் விஞ்ஞானம் பாஸ் என்றேன். இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. இரத்தினபுரிப் பக்கம், காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி அலமாரியில் அடுக்கி வைக்கும் செடி அறையில் உதவியாளர் வேலை. ஒரு வருடத்துக்குத் தற்காலிகம்.

வருடத்தின் கடைசியில் ஒரு பரீட்சை உண்டு என்றும் கடிதத்தில் இருந்தது. என் சொந்தப் பகுதியிலிருந்து அவரைக் குடும்பத்தில் நாற்பது வகைகளை நானே பறித்து, நானே காயவைத்து, நானே பெயர் கண்டு தாளில் ஒட்டிக் காட்ட வேண்டும். நாற்பதும் சரியாக இருந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடியும் வெட்டுக்கத்தியும் வாளியும். பதினோரு வருடம் பால் வாளி தூக்கிய என் வலது தோள் மழைக்காலத்தில் எனக்கு முன்பே விழித்துக்கொள்ளும். எனக்கு அந்த வாளியிடம் திரும்பிப் போக விருப்பமில்லை. இன்னொன்றும் இருந்தது. நான் வீட்டுக்கு வரும் சனி, ஞாயிறுகளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு களை பறித்துத் திரிவதைப் பார்த்து, நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயமே சிரித்தது. களை பிடுங்குவதற்குத் தோட்டத்திலேயே நாள் சம்பளத்துக்குப் பேர் போடுவார்களே, அதற்கு அவிசாவளையில் பஸ் மாறி இரத்தினபுரி வரை போக வேண்டுமா என்று கேட்டார்கள். தோற்றுத் திரும்பி அவர்கள் முகத்தில் விழிக்க நான் தயாராக இல்லை.

மிஸ் மூன்று விஷயங்களைச் சொல்லித் தந்திருந்தார். பறித்த செடியைச் சீக்கிரம் காயவை. முடிந்தவரை காயோடு பறி. பூவின் நிறத்தைப் பறித்த இடத்திலேயே எழுது, செடி காயும்போது முதலில் ஓடிப்போவது நிறம்தான். முதல் இரண்டையும் கேட்டுக்கொண்டேன். மூன்றாவதைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்தேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற பூக்கள். சங்குப்பூ நீலம் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டால்தான் எனக்கு ஞாபகம் இருக்குமா? எங்கே பறித்தேன், என்றைக்குப் பறித்தேன் என்பதை மட்டும் எழுதினேன். நிறம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, சுவரில் சாய்த்து வைத்த செருப்பில் பச்சை படியும். பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே செடியை வைத்து, மேலே கல்லை ஏற்றி, தினமும் தாளை மாற்ற வேண்டும். மாற்றுகிற தாளே ஈரமாக இருந்தால் என்ன செய்வது? முதலில் அடுக்கிய பன்னிரண்டு செடிகளும் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துப்போயின. அவற்றை அள்ளி, மழைத்தண்ணீர் ஓடும் கானில் கொட்டியபோது எனக்கு அழுகை வந்தது. பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யோசனை என்னுடையதுதான், அண்ணன் மேல் பழி போட மாட்டேன். என் அண்ணன் தோட்டத்துப் புகையறையில் வேலை பார்க்கிறார். ரப்பர் ஷீட்டுகளை மூங்கில் கம்புகளில் தொங்கவிட்டு, கீழே ரப்பர் விறகை மூட்டிப் புகையில் காயவைக்கும் அறை அது. வெளியே வானம் பொத்துக்கொண்டு ஊற்றினாலும் உள்ளே ஷீட் நாலைந்து நாளில் காய்ந்துவிடும். எங்கள் தோட்டத்தில் அவசரமாகக் காய வேண்டிய எல்லாமே அங்கேதான் போகும். பள்ளிக்கூடச் சப்பாத்து, பூசைக்கு வாங்கிய மிளகாய், ஒரு முறை கல்யாணத்துக்கு முதல் நாள் துவைத்த கூறைச் சேலைகூட. கல்யாணப் பெண் மணவறையில் புகை நாற்றத்தோடு உட்கார்ந்திருந்தாள், ஆனால் சேலை காய்ந்திருந்தது. செடி மட்டும் ஏன் காயாது?

காய்ந்தது. நான் பறித்துக் கொடுத்த செடிகளை அண்ணன் தாளோடு கட்டி ஷீட்டுகளுக்கு நடுவே தொங்கவிட்டார். ஒரு வாரத்தில் அப்பளம் போல மொறுமொறுவென்று எடுத்துத் தந்தார். ஒன்றில்கூடப் பூஞ்சணம் இல்லை. இத்தனை பெரிய ஆராய்ச்சி நிலையத்துக்குத் தோன்றாத வழி ஒரு பால்வெட்டுக்காரிக்குத் தோன்றியதே என்று நான் பெருமையாக இருந்தேன். செடிகளெல்லாம் கொஞ்சம் பழுப்பாகத்தான் இருந்தன. காய்ந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பத்தொன்பது சேர்ந்துவிட்டது. நாற்பதாவதாக நான் மனதில் வைத்திருந்தது கலப்பொகோனியம். அதுவும் தோட்டத்தார் நிலம் மூட விதைத்த மூவிலைக் கொடிதான். உடம்பெல்லாம் ரோமம், சின்ன நீலப் பூ. சின்ன வயதில் அது இல்லாத மலை கிடையாது. தேடும்போதுதான் கிடைக்கவில்லை. கன்றாக இருந்த ரப்பரெல்லாம் வளர்ந்து நிழல் கட்டியதில் அது எங்கேயோ அடங்கிப்போயிருந்தது. கடைசி ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸுக்கு இறங்குகிற பாதையில், மேட்டின் சரிவில், புல்லைப் பற்றிக்கொண்டு ஒரு மூவிலைக் கொடி கண்ணில் பட்டது. ரோமம் இருந்தது. கொட்டுகிற மழையில் பூக்கள் மூடிச் சுருண்டு கிடந்தன. காய் எதுவும் இல்லை. இலை கொஞ்சம் சிறிதாக இருக்கிறதே என்று ஒரு நிமிடம் தோன்றியது. நுனிக்கொடி என்றால் இலை சிறிதாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே பதில் சொன்னேன். பஸ் வளைவில் ஹோர்ன் அடித்தது. கொடியை ஒடித்து, திரும்பி ஓடி அண்ணனிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போனேன். அந்த வாரக் கடைசியில் அதுவும் பழுப்பாகக் காய்ந்து வந்தது. தாளின் மூலையில் ஒட்டும் பெயர்ச் சீட்டில் கலப்பொகோனியம் என்று எழுதினேன். பூ நீலம் என்றும் எழுதினேன். கலப்பொகோனியத்தின் பூ நீலம்தானே.

பரீட்சை நாளில் மிஸ் கட்டை அவிழ்த்ததும் செடி அறை முழுக்க எங்கள் புகையறை வந்து நின்றது. பக்கத்து அறையிலிருந்து ஒருவர் ஏதோ எரிகிறதா என்று எட்டிப் பார்த்தார். மிஸ் முதல் தாளைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், பிறகு வேகமாகப் புரட்டினார். மஞ்சள், ஊதா, நீலம், வெள்ளை எல்லாம் ஒரே தேயிலைச் சாயத்துப் பழுப்பு. பறித்த இடத்தில் எழுதிய கொப்பியைக் கேட்டார். கொடுத்தேன். நிறம் என்ற கட்டம் பக்கத்துக்குப் பக்கம் வெறுமையாக இருந்தது. மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பூவின் நிறம் தெரியாமல் இதை ஏற்றுக்கொள்ள முடியாது, சீட்டில் இருப்பது பார்த்து எழுதியதா நினைத்து எழுதியதா என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நாங்கள் பேசுவது சிங்களத்தில். அதைத் தமிழில் எழுதும்போது அதன் கடுமை பாதி குறைந்துவிடுகிறது.

எனக்குக் கோபம் வந்தது. மிஸ் மேல் இல்லை, அந்தப் பழுப்பின் மேல். வாளி கண்ணுக்கு முன்னால் ஆடியது.

“பூவ மூடி வச்சிட்டுக் கேளுங்க மிஸ்,” என்றேன். “பேரையும் மூடிடுங்க. நான் கண்ண மூடிக்கிறேன். கையால தொட்டுச் சொல்றேன்.”

மிஸ் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார். பிறகு தாள்களைக் கலைத்துப்போட்டார். பூவின் மேலும் சீட்டின் மேலும் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஒவ்வொன்றாக என் முன்னால் தள்ளினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு நிமிர்ந்துகொள்கிறது. புள்ளடியின் காய் என் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டது, புகையில் காய்ந்தும் அதன் புத்தி போகவில்லை. கிலுகிலுப்பைத் தாளைக் காதருகே வைத்து ஆட்டினேன், பதில் சொன்னது. தொட்டாச்சிணுங்கி கீறியது. சென்ட்ரோசீமாவின் காயோரம் விரலை அறுத்தது. பூனைக்காலியை மட்டும் தொடவில்லை. மிஸ் அந்தத் தாளை இடுக்கியால் தள்ளும் சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டேன், மிஸ் சிரித்துவிட்டார். பூவின் நிறங்களையும் கூடவே சொல்லிக்கொண்டு போனேன். முப்பத்தொன்பது தாள், ஒன்றிலும் தடுக்கவில்லை.

கடைசியாக நாற்பதாவது வந்தது. தாளில் காய் இல்லை. இலையைத் தடவினேன். கலப்பொகோனியத்தின் ரோமம் முரடாக இருக்கும், பாவாடையைத் தாண்டிக் காலில் உரசும். இது மெத்தென்று இருந்தது. விரல் நின்றுவிட்டது. அது நின்றது மிஸ்ஸுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். முப்பத்தொன்பதுக்குப் பிறகு ஒரு “தெரியாது” சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“கலப்பொகோனியம் மிஸ். நுனிக்கொடி. பூ நீலம்.”

மிஸ் வெள்ளைத் தாளை எடுத்துச் சீட்டைப் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போயின. பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. ஒரு மணி நேரமாக என்னைப் பார்த்த பிறகு எடுக்கத் தோன்றியிருக்காது. நாற்பது சீட்டுகளிலும் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டார்.

நிரந்தரக் கடிதம் மார்கழியில் வந்தது. ஆறு மாதம் தகுதிகாண் காலம், அதற்குள் வேலையில் குறை ஏதும் இருந்தால் நியமனம் ரத்தாகும் என்று கீழே ஒரு வரி இருந்தது. எல்லாக் கடிதத்திலும் இருக்கும் வரிதான். லயத்தில் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தோம். களை என்று சிரித்தவர்கள் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

தை கடைசியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்தன. மலைக்குள் வெயில் இறங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ்ஸுக்கு இறங்கும் பாதையில் அந்த மேட்டுக்குப் பக்கத்தில் வந்தேன். கொடி அங்கேயே இருந்தது, பூத்திருந்தது.

மஞ்சள். ஓரிரு இடத்தில் இல்லை, கொடி முழுவதும் மஞ்சள்.

கீழே குந்தினேன். ஒரு காயைப் பறித்தேன். குட்டையாக, மேலே நீண்ட ரோமத்தோடு, விதைக்கும் விதைக்கும் நடுவே குறுக்குக் கோடு அழுந்தி இருந்தது. இலையைத் திருப்பினேன். பையில் இருந்த பூதக்கண்ணாடியில் பார்த்தால் அடிப்பக்கம் பூராவும் மஞ்சள் புள்ளிகள். புகைக்கரி படிந்த தாளில் அவை தெரிந்திருக்காது. ஆனால் பூவை விரித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், காய்க்கு ஒரு வாரம் காத்திருந்தால் தெரிந்திருக்கும். நாம் சமைக்கிற துவரையின் காட்டுப் பங்காளி. ஒரே பெரிய குடும்பம் என்பதைத் தவிர, கலப்பொகோனியத்துக்கும் இதற்கும் நெருங்கிய உறவு எதுவும் இல்லை.

அன்றைக்கு நான் பஸ் ஏறவில்லை. புகையறைக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் விறகைத் தள்ளிக்கொண்டே கேட்டார்.

“அந்தத் தாள இனிமே யாரு தங்கச்சி பாக்கப் போறா? பீரோக்குள்ளதான கெடக்கு. நீயா வாயத் தொறந்து வேலைய விட்டுப்புடாத.”

அவர் சொன்னது நியாயம்தான். தோள் வலியோடு நான் பட்ட பாட்டைப் பார்த்தவர் அவர். யாரும் பார்க்க மாட்டார்கள் என்றுதான் நானும் இரண்டு நாள் சொல்லிக்கொண்டேன். ஆனால் செடி அறையில் ஒரு வருடம் இருந்தவளுக்கு ஒரு விஷயம் தெரியும். அந்த அலமாரிகளில் என் தாத்தா காலத்துக்கு முந்தைய தாள்களும் இருக்கின்றன, அவற்றை இன்றைக்கும் யாராவது வந்து திறக்கிறார்கள். என்றைக்கோ ஒருவர் வந்து, கலப்பொகோனியம் எப்படி இருக்கும் என்று என் தாளைத் திறந்து பார்ப்பார். காட்டுத் துவரையைப் பார்த்துவிட்டு, அதுதான் இது என்று மனதில் எழுதிக்கொண்டு போவார். என்னை மாதிரி அவருக்குக் கால் சொல்லிக்கொடுக்காது, தாள்தான் சொல்லிக்கொடுக்கும். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்த வாரம் முழுக்க லீவு சொல்லிவிட்டுச் செடியைக் காயவைத்தேன். நல்ல வெயில். இந்த முறை பத்திரிகைத் தாளில், தினமும் மாற்றி. பூ மஞ்சள் என்று கொடியருகே நின்றே எழுதினேன்.

திங்கட்கிழமை அதை மிஸ்ஸின் மேசையில் வைத்தேன். பக்கத்தில் என் நாற்பதாவது தாளையும் எடுத்து வைத்தேன். நான் எழுதிய பெயர் பிழை என்றேன். மிஸ் பூதக்கண்ணாடியை எடுத்துப் புதியதைப் பார்த்தார். பிறகு பழையதன் இலையடியில் கரியை ஊசிமுனையால் மெதுவாகச் சுரண்டிப் பார்த்தார். அடியில் மஞ்சள் புள்ளி இருந்தது. அவர் விரல் என் சீட்டின் கீழே, சரிபார்த்ததாக அவர் போட்ட கையெழுத்தில் வந்து நின்றது. முகம் சிவந்துபோனது.

வேலை போகுமா மிஸ் என்று கேட்டேன். அவர் மேசை லாச்சியைத் திறந்து இரண்டு சின்ன வெள்ளைச் சீட்டுகளை எடுத்து, ஒன்றை என்னிடம் கொடுத்தார். நான் பழைய சீட்டை உரிக்க நகத்தை வைத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். செடி அறையில் ஒரு முறை எழுதிய பெயரைக் கிழிக்கக் கூடாது. பிழை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். திருத்தத்தை அதற்குக் கீழே ஒட்டி, யார் திருத்தினார், என்றைக்குத் திருத்தினார் என்று எழுத வேண்டும். இந்த விதியை நான் மற்றவர்களின் தாள்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். என் பெயருக்குக் கீழே என் பெயரையே எழுதும்போதுதான் அது என்ன விதி என்று தெரிந்தது.

நான் எழுதி ஒட்டினேன். மிஸ் இரண்டாவது சீட்டில், தான் சரிபார்த்ததும் பிழை என்று எழுதி அதற்குக் கீழே ஒட்டினார்.

“நாப்பது வகை கேட்டோம். இப்பவும் நாப்பதுதான் இருக்கு,” என்றார். “சரி, கொண்டுபோய் வை.”

அவ்வளவுதான். அந்தத் தகுதிகாண் காலமும் முடிந்து, இன்றைக்கும் நான் அங்கேதான் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு அவரைக் குடும்பத்தை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன், நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறேன். அந்த அலமாரியைத் திறந்தால் இன்னும் புகை வாசம் அடிக்கும்.

ஆனால் அன்றைக்கு நான் தாளை எடுத்துக்கொண்டு கதவு வரை போனபோது, மிஸ் தலை நிமிராமல் ஒன்று கேட்டார்.

“அன்னைக்குக் கண்ண மூடிக்கிட்டுத் தொட்டியே, அப்பவே ஒனக்குத் தெரியலயா?”

“தெரிஞ்சிச்சு மிஸ்,” என்றேன்.

அந்தத் திருத்தச் சீட்டில் செடியின் பெயருக்கும், திருத்தியவர் பெயருக்கும், தேதிக்கும் மட்டும்தான் இடம் இருக்கிறது. இதை எழுத அதில் இடம் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.